கொழும்பா நமக்குப் பகை?

"கொழும்பை முந்துவோம்! சிங்கப்பூரை வெல்வோம்!"

இந்த முழக்கம் சில ஆண்டுகளாக நம் காதுகளில் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கிறது. டில்லியிலிருந்து வரும் அமைச்சர்கள் முழங்குகிறார்கள். பெருமுதலாளிகளின் ஏடுகள் பத்தி பத்தியாக எழுதுகின்றன. நம் சரக்கு அயலார் துறைமுகத்திலே இறங்கி ஏறுவதா? நம் பணம் கடல் கடந்து போவதா? மானமுள்ளவன் பொறுப்பானா? கேட்கக் கேட்க இரத்தம் கொதிக்கிறது. நம் படிப்பகங்களிலேகூடத் தோழர்கள் சிலர் இந்தப் பேச்சை ஆர்வத்தோடு பேசக் கேட்டிருக்கிறேன்.

கொதிப்பது தவறல்ல. ஆனால் கொதிக்கிற நேரத்தில் நம் சட்டைப் பையில் யார் கை நுழைகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும், தோழர்களே! இந்தப் பந்தயத்தில் ஓடுகிறவர் யார், ஓட்டுகிறவர் யார், பரிசை வாங்கிக்கொண்டு போகிறவர் யார் என்பதை எண்ணிப் பார்க்கத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரை.

முதலில் இந்த வாணிபம் இன்னதென்று தெரிந்துகொள்வோம். திருப்பூரிலே தைத்த பனியன் இரும்புப் பெட்டகத்தில் ஏறித் தூத்துக்குடிக்கு வருகிறது. ஐரோப்பாவுக்குச் செல்லும் தாய்க்கப்பலோ 400 மீட்டர் நீளமுள்ள பூதம்! இருபதடிப் பெட்டகக் கணக்கில் இருபதாயிரத்துக்கு மேல் சுமக்கும். அந்தப் பூதம் மிதக்கும் ஆழம் தூத்துக்குடியின் உட்துறையில் இல்லை. ஆகவே ஒரு சிறு கப்பல் பெட்டகத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோகிறது. அங்கே பாரந்தூக்கி அதை இறக்கி வைக்கிறது. பிறகு தாய்க்கப்பலில் ஏற்றுகிறது. இந்த இறக்கி ஏற்றும் வேலைக்குக் கிடைக்கும் கூலிதான் சரக்கு மாற்று வாணிபம். 1956 ஏப்ரல் 26ஆம் நாள் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டகங்களைச் சுமந்து சென்றது. அந்த 58 இன்று 20,000க்கு மேல் வளர்ந்து நிற்கிறது. கப்பல் பெருக்கப் பெருக்க, அது தொடும் துறைகள் குறைந்தன. குறைந்த துறைகளுக்குள்ளே அடிதடி மூண்டது.

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கு நம்முடையதன்று, டில்லி சர்க்காரே 2023ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கு. இந்தியாவின் மாற்றுச் சரக்கில் ஏறத்தாழ 75 விழுக்காடு வெளிநாட்டுத் துறைகளில் கையாளப்படுகிறதாம். அதில் 85 விழுக்காட்டுக்கு மேல் கொழும்பு, சிங்கப்பூர், கிள்ளான் ஆகிய மூன்று துறைகளில்; கொழும்பு ஒன்றிலேயே 45 விழுக்காட்டளவு. இதைத் திருப்பிக்கொண்டால் ஆண்டுக்கு 20 கோடி முதல் 22 கோடி டாலர் வரை மிச்சமாகும் என்றார்கள். அந்த ஆண்டின் மாற்று விலையில் சுமார் 1,800 கோடி ரூபாய்.

அதே அறிக்கையில், கிரேட் நிக்கோபார் தீவின் கலாத்தியா விரிகுடாவில் கட்டப்போகும் மாற்றுத் துறைமுகத்துக்கு மதிப்பீடு 41,000 கோடி ரூபாய்! நாடு முழுவதற்கும் மிச்சமாகும் தொகை முழுவதையும் அந்த ஒரு துறைமுகத்துக்கே செலுத்தினாலும், வட்டி போடாமலே, போட்ட பணம் திரும்ப 22 ஆண்டுகளுக்கு மேலாகும். வீட்டுக்காரி இப்படிக் கடன் வாங்கினால் ஊர் சிரிக்கும். அரசு வாங்கினால் 'தொலைநோக்கு' என்று பெயர்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மாற்றுத் துறையிலே ஒரு பெட்டகம் இறங்கும்போது ஒரு தடவை எண்ணப்படுகிறது. ஏறும்போது இன்னொரு தடவை எண்ணப்படுகிறது. "இத்தனை இலட்சம் பெட்டகம் கையாண்டோம்" என்று பறை அறைகிறார்களே, அதில் ஒவ்வொரு மாற்றுப் பெட்டகமும் இரண்டாக நிற்கிறது. அது அந்த மண்ணில் விட்டுச் செல்வதென்ன? அது திறக்கப்படுவதில்லை, லாரியில் ஏறுவதில்லை, கிடங்கைப் பார்ப்பதில்லை, சுங்கத் தீர்வை கட்டுவதில்லை. கப்பலிலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து கப்பல். திருவிழாக் கூட்டம் ஊர் வழியே போயிற்று; ஊர்க் கடையில் வெற்றிலைகூட விற்கவில்லை என்ற கதைதான்!

"சரி, கூலியாவது நமக்கு வரட்டுமே, கொழும்புக்காரனுக்கு ஏன் போகவேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை நான் திருப்பிக் கேட்கிறேன்: யார் அந்தக் கொழும்புக்காரன்?

கொழும்புத் துறைமுகத்தின் மேற்குப் பெட்டக முனையம் 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கியது. அதில் 51 விழுக்காடு அதானி குழுமத்துக்கு. 34 விழுக்காடு ஜான் கீல்ஸ் கம்பெனிக்கு. இலங்கைத் துறைமுக அதிகார சபைக்கு, அதாவது அந்த நாட்டு மக்களுக்கு, 15 விழுக்காடு! அதே துறைமுகத்தில் 2013இல் தொடங்கிய தெற்கு முனையத்தில் 85 விழுக்காடு சீனக் கம்பெனிக்கு; மக்களுக்கு அங்கும் 15தான்.

இந்தப் பக்கம் திரும்புங்கள். கொழும்பை வெல்வதற்கென்றே கட்டப்பட்டதாகச் சொல்லும் விழிஞ்சம், கேரளக் கடற்கரையில். 2015 ஆகஸ்டில் ஒப்பந்தம்; 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல்; 2025 மே 2ஆம் நாள் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். நடத்துவது யார்? அதே அதானி குழுமம்!

என்னே விந்தை! கொழும்பிலே நிற்பதும் அவர். கொழும்பை வெல்ல விழிஞ்சத்திலே நிற்பதும் அவர். சேவற்சண்டையில் இரண்டு சேவலும் ஒருவனுடையதே. பந்தயப் பணம் கட்டி, தொண்டை வறளக் கத்துகிறவர்கள் மட்டும் நாம்! கொழும்பு வென்றாலும் அவருக்கு இலாபம். விழிஞ்சம் வென்றாலும் அவருக்கு இலாபம். இதற்குத் தேசபக்தி என்று பெயர் சூட்டி, இரு கரையிலும் உள்ள உழைப்பாளியை ஒருவனுக்கொருவன் எதிரியாக நிறுத்துகிறார்கள்.

கொழும்புத் தொழிலாளி இதைப் புரிந்துகொண்டவன். 2019இல் இலங்கை, இந்திய, ஜப்பானிய அரசுகள் கூடி, கொழும்பின் கிழக்கு முனையத்தைக் கூட்டாக வளர்ப்பதென்று கையெழுத்திட்டன. துறைமுகத் தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. "மக்கள் சொத்தை விற்காதே!" என்றன. 2021 பிப்ரவரி 1ஆம் நாள் இலங்கை அமைச்சரவை பணிந்தது. கிழக்கு முனையம் முழுதும் துறைமுக அதிகார சபையிடமே இருக்கும் என்று முடிவாயிற்று. அதற்கு ஈடாகத்தான் மேற்கு முனையம் போயிற்று என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் போராடியவன் பாதியையாவது காத்தான். அவனையா நாம் பகைவன் என்பது? அவனிடம் பாடமன்றோ கேட்க வேண்டும்!

முனையக்காரரின் கதை இதுவென்றால், கப்பற்காரரின் கதை இன்னும் கசப்பானது. மாற்றுத் துறைமுகத்துக்கு அரிசியும் பருத்தியும் விளைகிற பின்னிலம் தேவையில்லை. ஆகவே அதற்கு வேரும் இல்லை. கப்பல் கம்பெனி நினைத்தால் வரும், நினைத்தால் போகும். சிங்கப்பூரைவிடத் திறமையான துறை எது? அந்தச் சிங்கப்பூரையே 2000ஆம் ஆண்டு மெர்ஸ்க் கம்பெனி உதறிவிட்டு, பக்கத்திலுள்ள மலேசியாவின் தஞ்சோங் பெலெபாசுக்குப் போயிற்று. அங்கே முனையத்தில் 30 விழுக்காடு பங்கும் பெற்றது. 2002இல் எவர்கிரீன் கம்பெனி பின்தொடர்ந்தது. 2003இல் சிங்கப்பூர்த் துறைமுகக் கம்பெனி நூற்றுக்கணக்கான தொழிலாளரை வீட்டுக்கு அனுப்பியது.

இத்தாலியில் தரந்தோ என்றொரு துறை. அதற்கும் இதே எவர்கிரீன் வந்தது, முனையம் எழுந்தது, ஊர் மகிழ்ந்தது. பிறகு கம்பெனி தன் கப்பல்களைக் கிரேக்கத்தின் பிரேயஸ் துறைக்குத் திருப்பிக்கொண்டது. 2015இல் முனையம் மூடப்பட்டது. ஐந்நூறுக்கு மேற்பட்ட தொழிலாளர் தெருவில் நின்றனர். பாரந்தூக்கிகள் கடலைப் பார்த்து நின்றன, கப்பல் வரவில்லை.

கட்டணத்தை அவன் குறைத்தால் நீயும் குறை. அவன் கூலியை வெட்டினால் நீயும் வெட்டு. அவன் கடலை ஆழப்படுத்தினால் நீயும் வரிப்பணத்தைக் கடலில் கொட்டு. இதுதான் போட்டியின் இலக்கணம். துறைகள் போட்டியிடுகின்றன, கப்பல் முதலாளி தேர்ந்தெடுக்கிறான்.

நம் அண்டைக் கேரளத்திலேயே இதன் கணக்கு கிடக்கிறது. கொச்சி வல்லார்பாடத்தில், கொழும்பின் சரக்கைத் திருப்பப்போவதாகச் சொல்லி, துபாய்க் கம்பெனியின் முனையத்தை 2011 பிப்ரவரியில் திறந்தார்கள். அதன் சாலைக்கும் இரயிலுக்கும் மூலம்பிள்ளி முதலிய ஊர்களில் 316 குடும்பங்களை வீட்டிலிருந்து எடுத்தெறிந்தார்கள். உள்நாட்டுக் கப்பல்களுக்கென்று இருந்த கரையோரப் போக்குவரத்துச் சட்டத்தையே 2012இல் அதற்காகத் தளர்த்தினார்கள். கொழும்பின் சரக்கு வந்ததா? பெரும்பகுதி வரவில்லை, கேரளத்தின் சொந்த ஏற்றுமதி இறக்குமதியே அதைக் காத்தது.

விழிஞ்சத்தின் ஒப்பந்தத்தை நாம் குறை சொல்வது கிடக்கட்டும்; இந்திய அரசின் தலைமைக் கணக்காயரே 2017இல் சொன்னார். வழக்கமான 30 ஆண்டுக்குப் பதில் 40 ஆண்டு கொடுத்ததனால் கம்பெனிக்குக் கூடுதலாகக் கிடைப்பது 29,217 கோடி ரூபாய் என்று கணக்கிட்டார். முதற்கட்டச் செலவு ஏறத்தாழ 8,900 கோடி. அதில் பெரும்பங்கு போட்டது மாநில அரசு. டில்லி தந்ததோ 817 கோடியே 80 இலட்சம். அதையும் மானியமாகத் தரவில்லை. மாநிலத்துக்கு வரப்போகும் வருவாயில் பங்காகத் திருப்பிக் கொடு என்று எழுதி வாங்கிக்கொண்டது. முதலாளிக்குத் தாராளம், மாநிலத்துக்குக் கந்துவட்டி! இதுதான் டில்லியின் தர்மம்.

விலை கொடுத்தவர்கள் பட்டியலில் முதலாளியும் இல்லை, டில்லியும் இல்லை. கடற்கரை மக்களே இருக்கிறார்கள். 2022இல் விழிஞ்சத்தில் மீனவர் மாதக்கணக்கில் போராடினர். கரை அரிக்கிறது, வீடு போகிறது என்று கதறினர். 2016 ஜூலையில் நம் குமரி மாவட்டத்து இனயத்தில் இன்னொரு மாற்றுத் துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. விழிஞ்சத்துக்கும் இனயத்துக்கும் இடைவெளி சில பத்துக் கிலோமீட்டர்களே! ஒரே டில்லி, ஒரு கையால் விழிஞ்சத்துக்குப் பணம், மறுகையால் இனயத்துக்கு ஒப்புதல். மலையாளியையும் தமிழனையும் மோதவிட்டுப் பார்க்கும் அந்த வித்தையை அறிந்தவர்கள் நாம். இனயத்து மீனவர் எழுந்தனர். திட்டத்தை மணக்குடிப் பக்கம் நகர்த்தினார்கள், அங்கும் எழுந்தனர். அந்த மக்கள் கரையைக் காத்தார்கள்.

கிரேட் நிக்கோபாரிலோ எழுந்து நிற்க ஆளில்லை என்று நினைக்கிறார்கள். சொம்பென் பழங்குடியினர் சில நூறு பேர். அவர்களுக்கு வாக்கு வங்கி ஏது? கடலாமைகள் முட்டையிடும் கலாத்தியா சரணாலயத்தின் காப்பை 2021இல் நீக்கினார்கள். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது அந்தத் தீவின் தென்முனை ஏறத்தாழ 15 அடி தாழ்ந்துபோயிற்று. அப்படிப்பட்ட மண்ணில் 41,000 கோடி!

2025 மே மாதத்தை மறக்கலாமா? விழிஞ்சத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற 'எம்எஸ்சி எல்சா 3' என்ற கப்பல் கேரளக் கரைக்கப்பால் கவிழ்ந்து மூழ்கியது. 640 பெட்டகங்கள், அவற்றுள் 13இல் ஆபத்தான பொருள்கள். வெண்ணிறப் பிளாஸ்டிக் மணிகள் கேரளக் கரையிலும் நம் குமரிக் கரையிலும் ஒதுங்கின. மீன் வாங்க ஆளில்லாமல் மீனவர் தவித்தனர். கப்பலில் பறந்த கொடியோ லைபீரியாவின் கொடி!

இங்கே ஒரு நியாயமான கேள்வியைத் தட்டிக்கழிக்கக்கூடாது. "திருப்பூர்க்காரனும் கரூர்க்காரனும் கொழும்பு வழியாகப் போவதால் நாளும் பணமும் இழக்கிறார்களே, தாய்க்கப்பல் தூத்துக்குடிக்கே வந்தால் நல்லதல்லவா?" நல்லதுதான். மறுப்பாரில்லை. நம் ஆலையின் சரக்கும் நம் வயலின் சரக்கும் நம் துறையிலிருந்து நேரே போகும்படி ஆழமும் மேடையும் வேண்டும். அது வேருள்ள வாணிபம். லாரிக்காரனுக்கும் கிடங்குத் தொழிலாளிக்கும் சோறு போடும் வாணிபம். 2024 பிப்ரவரியில் தூத்துக்குடியில் 7,056 கோடி ரூபாய் வெளித்துறைமுகத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்களே, அது இதற்கென்றால் வரவேற்போம். கொழும்பின் பெட்டகத்தைத் தூக்கி வைக்கும் ஆசைக்கென்றால், கேள்வி கேட்போம். அடிக்கல்லோடு நின்றுவிடுமோ என்றும் கேட்போம்!

ஆனால் தாய்க்கப்பல் தூத்துக்குடிக்கே வந்தாலும், அதன் வாடகையை நிர்ணயிப்பவன் யார்? கப்பலுக்குரியவன். இங்கேதான் தோழர்களே, உண்மையான கொள்ளை இருக்கிறது. 2025 செப்டம்பரில் பாவ்நகரில் பேசிய பிரதமரே ஒப்புக்கொண்டார்: ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்திய வாணிபத்தில் 40 விழுக்காடு இந்தியக் கப்பல்களில் சென்றது, இன்று 5 விழுக்காடு. அயல்நாட்டுக் கப்பல் கம்பெனிகளுக்கு நாம் கட்டும் வாடகை ஆண்டுக்கு 7,500 கோடி டாலர். அதாவது ஏறத்தாழ 6 இலட்சம் கோடி ரூபாய்!

ஒப்பிட்டுப் பாருங்கள். கொழும்பிலிருந்து மீட்கப்போவதாகச் சொல்வது 22 கோடி டாலர். கப்பல் முதலாளிக்குக் கொட்டிக் கொடுப்பது 7,500 கோடி டாலர். முந்நூறு மடங்குக்கு மேல்! கோட்டைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு, கொல்லைப்புறத்து எலிவளையை அடைக்கப் படை திரட்டுகிறார்கள். அந்த 40ஐ 5ஆக்கியதில் தமக்கும் பங்கில்லையா? பொதுத்துறையான இந்தியக் கப்பல் கழகத்தை 2019இல் விற்க முடிவு செய்தது யார்? கொழும்பா?

தூத்துக்குடிக்குத் தெரியும் இந்த உண்மை. இதே கடலில், இதே தூத்துக்குடி–கொழும்புப் பாதையில், நூறாண்டுக்கு முன்னும் ஒரு போட்டி நடந்தது. 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். துறைமுகத்துக்கு அவர் மனுப் போடவில்லை, கப்பல் வாங்கினார்! பணம் கடலில் எங்கே கசிகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இலவசமாகவே ஏற்றிச் செல்கிறேன் என்றது. அதுவும் போதாதென்று அரசின் கையை நாடியது. 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளரோடு நின்ற அந்த வீரரைப் பிடித்து, இரட்டை ஆயுள் தண்டனை விதித்து, செக்கிழுக்க வைத்தார்கள். அவர் சிறையிலிருக்கும்போதே கம்பெனி கலைந்தது. 2011இல் அந்தத் துறைமுகத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். பெயர் இருக்கிறது, அவர் வாங்கிய கப்பல் எங்கே?

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும்.

கப்பல் கழகத்தை விற்கும் எண்ணத்தை அடியோடு கைவிட்டு, பெட்டகக் கப்பல்களை மக்கள் பணத்தில் வாங்கு. அந்த 5ஐ உயர்த்து. தூத்துக்குடி வெளித்துறைமுகத்தைப் பொதுத்துறையிலேயே நடத்து; 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பெருந்துறைமுக வாரியத்தில் மாநிலத்துக்கு ஒரே ஓர் இடம் என்ற இழிநிலையை மாற்று. எந்தத் துறைமுக ஒப்பந்தமானாலும் கையெழுத்துக்கு முன் சட்டமன்றத்தில் வை. முதல் ஆண்டிலிருந்தே மாநிலத்துக்கு வருவாய்ப் பங்கு கொடு. மீனவர் கிராமம் கூடிச் சம்மதிக்காமல் ஒரு கல்லும் கடலில் விழக்கூடாது. தூத்துக்குடி, கொச்சி, விழிஞ்சம், கொழும்புத் தொழிற்சங்கங்கள் ஒரே மேசையில் அமரட்டும்; ஒரு துறையின் கூலியைக் காட்டி மறுதுறையின் கூலியை வெட்ட இடந்தரோம் என்று உறுதி எடுக்கட்டும். கப்பல் முதலாளிகள் கடல் கடந்து கூட்டணி கட்டும்போது, உழைப்பவன் மட்டும் ஏன் தனித்து நிற்கவேண்டும்?

அடுத்த முறை மேடையேறி "கொழும்பை வெல்வோம்" என்று எவரேனும் முழங்கினால், நம் தோழன் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "ஐயா, கொழும்பில் இருப்பது யாருடைய முனையம்?" அந்தக் கேள்விக்கு விடை வருமட்டும் அவனை உட்காரச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

கடலுக்கு இக்கரையிலும் மக்கள்; அக்கரையிலும் மக்கள். பகைவன் அக்கரையில் இல்லை. இரு கரைக்கும் இடையே, அயலான் கொடி பறக்கும் கப்பலின் மேல்தளத்தில், நம் சண்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான்!